இரண்டு நிமிடம் பதினொரு விநாடி

அந்த ஆண்டின் மோட்டார் பந்தயப் பருவத்தைத் தொடங்கி வைத்த தெருப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது. அதில் பதினான்காவதாக, அதாவது கடைசியாக வந்த ஓட்டுநர் அதற்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் நிற்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியின் எண் இருபத்தேழு. கொஞ்ச காலத்தில் ஊர் அவருக்கும் அதையே பெயராக வைத்துவிட்டது.

பந்தயத்துக்கென்று தனித் தடம் எதுவும் அந்த நகரத்தில் இருந்ததில்லை. கோர்ட்டு வளாகத்தைச் சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியை ஒட்டித் திரும்பி, மொத்தக் காய்கறிச் சந்தையின் பின்பக்கமாகப் போய், வங்கி வாசலில் வந்து முடிகிற நாலு கிலோமீட்டர் தெருவை மூன்று நாளைக்கு மறித்துத் தடம் என்று அறிவித்தார்கள். வேகத்தடைகளைச் சுரண்டி எடுத்தார்கள்; செவ்வாய்க்கிழமை அவை அரை அங்குலம் வளர்ந்து திரும்பி வந்தன. வண்டிகள் போகிற கோட்டில் இருந்த குழிகள் மட்டும் அடைக்கப்பட்டன. ஒரு முழம் தள்ளி இருந்த குழிகள் போட்டியில் கலந்துகொள்ளாததால் அப்படியே விடப்பட்டன. தெருநாய்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவற்றில் பாதி தொடக்க விழாவுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தன. நகரம் உலகத் தரத்தை எட்டிவிட்டது என்று இரண்டு மாடி உயரத்துக்குப் பலகைகள் வைத்தார்கள். பலகைக்குப் பின்னால் குடியிருந்தவர்களுக்கு மூன்று நாள் காற்று வரவில்லை.

தலைமை விருந்தினர் அப்போது இரண்டு பதவிகளிலும் பதினொரு சங்கங்களின் கௌரவத் தலைமையிலும் இருந்தவர். தொடக்க உரை நாற்பது நிமிடம். உறுமிக்கொண்டு நின்ற பதினாறு வண்டிகளில் இரண்டு, உரையின் இரண்டாம் பாதியில் சூடேறி நின்ற இடத்திலேயே உயிரை விட்டன. அதனால்தான் பதினாறு பதினான்கு ஆனது. பந்தயம் முடியும்போதும் கொடி அவர் கையில்தான் இருந்தது. விதி எளிமையானது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை முதல் வண்டிக்கு அசைக்கத் தொடங்கினால், கடைசி வண்டி கோட்டைத் தாண்டும்வரை இறக்கக் கூடாது. யார் கொடியைப் பார்க்கிறாரோ அவருக்குத்தான் பந்தயம் முடிகிறது. விருந்தினர் பதின்மூன்று வண்டிகளுக்கு அசைத்தார். பதினான்காவது வண்டி சந்தையின் பின்பக்கம் வந்துகொண்டிருந்தபோது போட்டோகிராபர், "ஐயா, இந்தப் பக்கம்," என்றார். ஐயா அந்தப் பக்கம் திரும்பினார். கொடியை இறக்கி, மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருபத்தேழு கோட்டைத் தாண்டிப் போனது. அந்தப் படம் மோட்டார் சங்க அலுவலகத்தில் இன்றும் தொங்குகிறது. விருந்தினரின் இடது காதுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் தெரியும். கறை என்று நினைத்துப் பல வருடம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தேழின் அணியில் மொத்தம் மூன்று பேர். ஓட்டுவது அவர். வண்டியைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவியின் அண்ணன், மெக்கானிக். போர்டு பிடிப்பது மனைவி. போர்டு என்பது மார்பளவு உயரமான கறுப்புத் தகரம். அதில் மூன்று வரிசைக் கொக்கிகள். எத்தனையாவது இடம், முன்னால் போகிறவன் எத்தனை விநாடி தள்ளிப் போகிறான், இன்னும் எத்தனை சுற்று என்பதையெல்லாம் எண் தகடுகளாக மாட்டி, வண்டி வருகிற நேரத்துக்குத் தடுப்புச் சுவரின்மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓட்டுநருக்குப் போர்டு மட்டும்தான் தெரியும். பிடித்திருப்பவரின் முகம் தெரியாது; வண்டி கிளப்பும் மண் கண்ணில் விழாமலிருக்கப் பிடிப்பவரும் போர்டுக்குப் பின்னால்தான் முகத்தை வைத்துக்கொள்வார். படித்துவிட்டேன் என்பதற்கு ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழாம் மாதம். நிழலில் போய் உட்காரச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

எண்களைத் தவிர ஒரு அம்புக்குறித் தகடும் உண்டு. தடத்தை விட்டு உள்ளே வா என்று அதற்குப் பொருள். மூன்று வருடத்துக்கு முன், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் நடந்த சின்னப் பந்தயத்தில் அவள் அந்தத் தகட்டை ஒரு சுற்று முன்னதாக மாட்டிவிட்டாள். கூட்டம் எழுந்திருப்பதைப் பார்த்துப் பந்தயம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். கூட்டம் மழைக்காக எழுந்திருந்தது. அவர் நம்பி உள்ளே வந்தார். அப்போது மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் மூன்றாவதாக ஓடியது அந்த ஒரு தடவைதான். லாரியில் திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது, டீயை ஆற்றிக்கொண்டே, "இனிமே கொடியப் பாக்காம உள்ள வரமாட்டேன். நீயே கூப்பிட்டாலும் சரி," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணனும் சிரித்தான். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்புக்குறியை மாட்டித் தூக்கியபோது, அவர் ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த சுற்றிலும் அப்படியே. நாலு மணிக்குக் கூட்டம் போனது. ஐந்து மணிக்கு நாற்காலிகள் போயின. முப்பத்திரண்டாவது சுற்றோடு பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று மெக்கானிக் சொன்னான். ஐம்பதாவது சுற்றில் அதையே குரல் இறக்கிச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகங்கள் திறக்க வேண்டியிருந்ததால் ஆறு மணிக்குத் தடுப்புகளைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். எட்டரைக்கெல்லாம் தெரு நிறைய பஸ்கள் வந்துவிட்டன. இருபத்தேழு அவற்றின் ஊடாகவே போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெந்த ரப்பர் வாசனையோடு சூடான காற்று ஒன்று முழங்கால் உயரத்தில் கடந்து போகும். உற்றுப் பார்த்தால், ஓடும் ரயிலிலிருந்து பார்க்கிற வேலிபோல, சிவப்பாக ஒன்று நீளமாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. மழைக்கும் அதே. நாளொன்றுக்கு அறுநூற்று ஐம்பத்தொன்பது சுற்றும் கொஞ்சமும்.

ஊர் இரண்டு வாரம் வியந்தது, பிறகு உபயோகித்துக்கொண்டது. மூன்று சுற்றில் முட்டை அரைவேக்காடு, ஐந்தில் கெட்டி. இரண்டாவது வளைவில் இருந்த சவரக்கடைக்காரர் சத்தம் நெருங்கும்போது கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்வார்; கழுத்தைக் கொடுத்தவர்கள் அந்த இடைவெளியில் தும்மிக்கொண்டார்கள். வாதம் கைவசம் இல்லாத வக்கீல்கள், வண்டி வருகிற நேரம் பார்த்து வாக்கியத்தைத் தொடங்கக் கற்றுக்கொண்டார்கள். விசாரணைக் கமிஷன் ஒன்றும் அமைந்தது. அது கூடிய அறை தடத்தின் மேலேயே இருந்ததால், மணிக்கு இருபத்தேழு தடவை பேச்சை நிறுத்தி, தண்ணீர் டம்ளர்களைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மீண்டும் தொடர்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையின் முடிவு, கொடி உரிய மரியாதையோடு அசைக்கப்பட்டது என்பது. சத்தத்தைப் பற்றி விசாரிக்க கமிஷனுக்கு அதிகாரம் தரப்படவில்லை. மறு ஆண்டு பருவத் தொடக்கப் பந்தயம் வேறு நகரத்துக்குப் போனது. தடத்தில் ஏற்கெனவே ஒரு பந்தயம் நடந்துகொண்டிருப்பதாகக் காரணம் எழுதியிருந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அவள் வங்கிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். பந்தயத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவரில் பத்தடி மட்டும், இடிக்க வந்தவர்களுக்கு அளவு தப்பியதால், பிழைத்து நின்றது. காலையில் கடை திறக்கும் முன் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே போய்ப் போர்டைத் தூக்கிப் பிடிப்பாள். நாலாவது வளைவில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தபோது, வலி எடுத்ததிலிருந்து குழந்தை அழுதது வரைக்கும் அவர் ஜன்னலுக்குக் கீழே நூற்று நாற்பது தடவை போனார். அவள் எண்ணினாள். எண்ணாமல் இருந்திருந்தால் வலியைத் தாங்கியிருக்க முடியாது என்று பிற்பாடு அண்ணனிடம் சொன்னாள். அன்று போர்டு பிடித்தது அண்ணன். என்ன மாட்டுவது என்று தெரியாமல் குழந்தையின் எடையை மாட்டினான். 2.9. இரண்டு விரல் உயர்ந்தது. அன்றிலிருந்து போர்டில் வீட்டுச் செய்திகள்தான். காய்ச்சல் 103. முதல் பல் ஆறாம் மாதம், 6. உயரம் 84. கணக்கில் 38; மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணைக் காட்ட அவளுக்கு அந்த வருடம் மனம் வரவில்லை. கொக்கிகளுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும் என்பதால், எண்ணாக மாறாத எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த வகை.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஓட்டுநர் என்று எழுதினாள். "எங்க ஓட்றாரு?" என்று கேட்ட கிளார்க், ஜன்னல் கம்பி அதிர்ந்ததும், "ஓ, சரி சரி," என்று முத்திரை குத்தினார். மகள் சத்தத்தோடுதான் வளர்ந்தாள். ஆறு வயதில் ஒரு நாள், சுவரோரம் நின்று, "அப்பா எப்பம்மா நிப்பாரு?" என்றாள்.

"கொடி காட்டினா நிப்பாரு."

"நீ காட்டேன்."

"நான் காட்டினா நம்ப மாட்டாரு."

"ஏன், நீ பொய் சொல்வியா?"

"ஒரு தடவ சொல்லிட்டேன்," என்றாள் அவள். அவரைப் பற்றி மகளிடம் வேறெதையும் அவள் அவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஏழாவது வருடத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி ஆனது. பந்தய நாளன்று கழுத்தில் மாட்டிய ஸ்டாப் வாட்ச் இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது. கடிகாரம் பழசாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள். புதிதாக ஒன்று வாங்கினாள். அதிலும் பன்னிரண்டு. பத்தாவது வருடம் பதினைந்து. ஊரில் முட்டைகள் கூடுதலாக வெந்துபோயின; கோழித் தீவனத்தைக் குறை சொன்னார்கள். பதின்மூன்றாம் வருடம் இருபத்திரண்டு. உயரும் விரல் இரண்டு, ஒன்றானது. வண்டிக்கு ஒன்றும் இல்லை, சத்தத்தில் பிசிறே இல்லை என்று மெக்கானிக் சத்தியம் செய்தான். அப்படியென்றால் களைத்துப்போயிருப்பது வண்டி இல்லை. அன்று மதியம் ஜெராக்ஸ் மெஷின் ஒரே பக்கத்தை முந்நூறு தடவை அச்சடித்துத் தள்ளும்வரை அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அவளுக்கு இருப்பார். நின்றால் என்ன ஆவார் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கை அவள் முன்பே பலமுறை போட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஓடட்டும் என்றே விடை வந்திருந்தது. அன்று விடை மாறியது.

முதலில் பழைய குடைத்துணியையும் தலையணை உறையையும் வெட்டிக் கட்டம் போட்டுத் தானே ஒரு கொடி தைத்தாள். அவர் விரலை ஆட்டிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. கொடியை நியமிக்கப்பட்டவர்தான் அசைக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் சங்கத்துக்குப் போனாள். செயலாளர் உட்காரச் சொல்லி, பழைய பதிவேட்டைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார்.

"பாருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பதினாலாவதா வந்துட்டாரு. ரிசல்ட் போட்டாச்சு. வந்துசேந்தவருக்கு நான் எப்படிம்மா மறுபடியும் கொடி காட்டறது?"

"அவரு இன்னும் ஓடிட்டிருக்காருங்க."

"ரெக்கார்டுல ஓடலையே," என்றார் செயலாளர். சத்தம் வந்தது. பேச்சை நிறுத்தாமலே டம்ளரை ஒரு கையாலும் பேனாத் தாங்கியை மறு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சத்தம் போனதும் கையை எடுத்தார். "வேற ஏதாவது உதவி வேணும்னா கேளுங்க."

தலைமை விருந்தினரின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. பதவிகள் இரண்டும் போய், சங்கங்கள் பதினொன்றும் வேறு தலைமையைத் தேடிக்கொண்டபின், அவரைத் தேடி யாரும் போகாததால் அந்தத் தெருவில் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைத்தது. தொடங்கி வைக்க எதுவும் இல்லாமல் அவர் வீட்டுக்குள்ளேயே தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். பல்பு மாற்றினால் சுவிட்சை அவர்தான் போட வேண்டும். சமையல்காரரும் தோட்டக்காரரும் நின்று கை தட்ட வேண்டும். அவள் போனபோது புது மிக்ஸி ஒன்று நாடாவோடு காத்திருந்தது. டி.வி.யின்மேல் தூசிக்காகப் போட்டிருந்த துணி கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொடிதான்," என்றார் அவர் பெருமையாக. "நான் அசைச்சேன்."

"பதிமூணு பேருக்கு அசைச்சீங்க ஐயா."

"எத்தன பேரு ஓடினாங்க?"

"பதினாலு."

அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "போட்டோக்காரன் கூப்பிட்டான்," என்றார். பிறகு, "நல்லா வந்துச்சு படம்," என்றார். பந்தயத் தெரு வெகு தூரத்தில் இருந்தது. ஆனாலும் வண்டியின் சத்தம் அங்கேயும் மெலிதாகக் கேட்டது. பதினான்கு வருடமாகத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேடை உண்டா?" என்றார் கடைசியில்.

"ஸ்டூல் இருக்குங்க."

"மைக்?"

"இல்லைங்க."

"கூட்டம்?"

"பஸ் ஸ்டாப்புல எப்படியும் பத்துப் பேர் நிப்பாங்க."

அவர் எழுந்து, அன்று உடுத்தியிருந்த அதே பழைய கோட்டை எடுத்துவரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் முடிவுக் கோட்டுக்கு அருகே ஸ்டூலில் ஏறி நின்றார். உடுத்தியிருந்த கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. மெக்கானிக் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்; அவனுக்குத் தலை முழுக்க வழுக்கையாகி, தொப்பையும் போட்டிருந்தது. விருந்தினர் நாலு பக்க உரையைப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஆறு தடவை சத்தம் குறுக்கே வந்தது. ஆறு தடவையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஏழாவது தடவை சிவப்பு கடந்துபோனபோது விருந்தினர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை தெரிந்தது. ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பஸ்ஸில் தூங்குகிறவர் தலைபோல. உரையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் முடிக்காமல் விட்ட ஒரே உரை அதுதான். அடுத்த சுற்றுக்குச் சந்தையின் பின்பக்கம் சத்தம் கேட்டபோதே கொடியை உயர்த்தி அசைக்கத் தொடங்கினார். இருபத்தேழு கோட்டைத் தாண்டியது. இரண்டு விரல் அல்ல, ஓட்டுநரின் முழுக் கையும் மேலே போனது. விருந்தினர் அசைப்பதை நிறுத்தவில்லை.

"போதும் தாத்தா, அவர் போயிட்டாரு," என்றாள் மகள்.

"கடைசி வண்டி போச்சான்னு நல்லாப் பாத்துச் சொல்லும்மா," என்றார் அவர், கொடியை ஆட்டிக்கொண்டே. "பாத்துச் சொல்லு."

கொடி விழுந்தபின் எல்லா ஓட்டுநர்களும் மெதுவாக ஒரு சுற்று போவது வழக்கம். அவரும் போனார். இரண்டாவது வளைவில் சவரக்கடைக்காரர் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார். வீடுகளில் பால் பொங்கி வழிந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்றவர்கள், பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக வண்டியில் நாலு சக்கரம் இருப்பதைப் பார்த்தார்கள். ஏழு நிமிடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் வண்டிகள் உள்ளே வந்து நின்ற சந்து இப்போது வங்கியின் இருசக்கர வண்டி நிறுத்துமிடம். காவலாளி சங்கிலியை இறக்கி வழிவிட்டு, கை பழக்கத்தில் ஒரு டோக்கனைக் கிழித்து ஸ்டீயரிங்கில் செருகினார்.

எஞ்சின் நின்றது. அவள் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் நின்றாள். முகத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். இன்னும் அதே இருபத்தொன்பது வயது. கன்னத்தில் ஹெல்மெட் பஞ்சு அழுத்திய தடம், மீசை நுனியில் ஒரு சொட்டு வியர்வை. நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி எதிரே நிற்பதைப் பார்த்து, மரியாதையாகச் சிரித்தார்.

"அக்கா, இங்க போர்டு பிடிச்சிட்டு ஒரு பொண்ணு நின்னுச்சே, எங்க போச்சு?"

மெக்கானிக் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

"மாசமா இருக்கா," என்றார் அவர். "நிழல்ல உக்காருன்னா கேக்க மாட்டா. நடுவுல போர்டுல என்னென்னமோ நம்பர் வந்துச்சு, ஒண்ணும் விளங்கல. வெயில் தாங்கல போல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

எண்ணாக மாறாதவை எல்லாம் அவளிடம் பதினான்கு வருடமாகச் சேர்ந்திருந்தன. "நிழல்லதான் உக்காந்திருக்கா," என்றாள். "நீங்க தண்ணி குடிங்க."

மகள் பாட்டிலை நீட்டினாள். அவர் முழுவதும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா யாரு, உங்க பொண்ணா? உங்க சாடையே இல்லையே," என்றார்.

"அப்பா சாடைன்னு எல்லாரும் சொல்வாங்க," என்றாள் மகள்.

"அப்படித்தான் இருக்கும். நான் எத்தனாவது?"

"பதினாலு."

"எத்தன பேர்ல?"

"பதினாலு பேர்ல."

அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "நீங்க யாரும் சொல்லிடாதீங்க. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் சொன்னார்கள். பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், படங்கள் எல்லாம் காட்டினார்கள். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். "ரொம்பக் கஷ்டம்தான் அக்கா," என்றார். போக வேறு இடம் இல்லாததால் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினார். மெக்கானிக்கைப் பெரியவரே என்று கூப்பிட்டு, அவன் பட்டறையிலேயே வேலை செய்தார். பெரியவரின் கைத்திறன் தன் மச்சானை நினைவுபடுத்துவதாக அவனிடமே சொன்னார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் ஆண் ஒருவர், வயது இருபத்தொன்பது என்று எழுதி, உறவு என்ன என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்காததால் தம்பி என்று போட்டுக்கொண்டு போனார். மோட்டார் சங்கம் அவர் நின்றதைக் கவனிக்கவில்லை. பதிவேட்டின்படி அவர் என்றைக்கோ நின்றவர். செயலாளர் மட்டும் இன்னும் அவ்வப்போது டம்ளரை அமுக்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஊர் புதிதாகக் கடிகாரங்கள் வாங்கியது.

தினமும் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவர் அந்தச் சுவருக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில், மனைவிக்காக ஒரு தண்ணீர் பாட்டிலோடு, நிழலான பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அந்த நேரத்தில் அவள், இனி எதற்கு என்று, போர்டைப் பரணில் போட எடுத்துக்கொண்டு போனாள். பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பழக்கத்தில் அவள் போர்டை முகத்துக்கு நேரே தூக்கினாள். புழுதி அடங்கியபின் போர்டின் ஓரமாகப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் அவர் இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். அப்படி ஒரு முகத்தை அவள் கல்யாணமான புதிதில் பார்த்திருந்தாள். கை கடுக்கும்வரை அவள் போர்டை இறக்கவில்லை. இறக்கியதும் அவர் தெருவைத் தாண்டி ஓடிவந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, "அக்கா, இப்ப இங்கதான் நின்னா," என்றார்.

"ஆமா, நானும் பாத்தேன்," என்றாள் அவள்.

அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அவள் சுவரோரம் போய்ப் போர்டுக்குப் பின்னால் நிற்கிறாள். மகள் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. அவ்வளவு நேரம்தான் அந்தத் தகரத்தைத் தாங்க அவள் கைக்கு இப்போது தெம்பு இருக்கிறது. அவ்வளவு நேரமும் அவர் எதிர்ப்பக்கத்தில் விரலை உயர்த்தியபடி நிற்கிறார். என்ன எண் மாட்டுவது என்பதை மகள் முடிவு செய்கிறாள். நேற்று 157, அவளுடைய உயரம். அந்த வழியாகப் போகிற பஸ் டிரைவர்கள் நேரம் பார்த்து வளைவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வழியனுப்ப வந்தவர்கள்போல் பயணிகள் ஜன்னலோரம் எட்டிப் பார்க்கிறார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை.